வரப்பில் ஒரு கைக் கதிர்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
20-1-2007

கன்னியம்மாவுக்கு,

அகஸ்டினா டீச்சர் எழுதுகிறேன். பாகூர் நிலத்து டீச்சரம்மா. பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதென்றாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. விழா நடத்திய ராஜவேல் தம்பியிடம்தான் உன் விலாசம் வாங்கினேன். "எதுக்கு டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். உன்னிடம் நான் நடந்துகொண்டது அவருக்கும் தெரிந்திருக்கிறது போலிருக்கிறது.

காணும் பொங்கலன்று நான் அந்த விழாவுக்கு வருவதாகவே இல்லை. என் நாத்தனார் மெரின்தான் பிடித்திழுத்தாள். "கடற்கரைக்குப் பக்கத்து மைதானத்துல பழங்குடி ஜனங்கள்லாம் சேந்து அறுவடைக்கு நன்றி சொல்லி விழா எடுக்கறாங்களாம் அண்ணி. சாமைப் பொங்கல் தர்றாங்களாம்" என்றாள். சாமைப் பொங்கலுக்காகத்தான் போனேன். உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

போன பிறகு திரும்பி வர மனம் வரவில்லை. ஜவ்வாது மலைக்காரர்கள் தேனும் சாமையும் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். உங்கள் ஆட்கள் மூலிகை வைத்திருந்தார்கள். இருபது பானை வரிசையாகப் பொங்கியது. ஒவ்வொரு பானை பொங்கும்போதும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து ஒன்றுக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் மழைக்கு. ஒருவர் ஏரிக்கு. ஒரு கிழவர் தன் செத்துப்போன மாட்டுக்குச் சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வருஷா வருஷம் மாதா கோயிலில் பொங்கல் பூசைக்கு நிற்கிறேன், இப்படிப் பெயர் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான் நன்றி சொன்னதே இல்லை.

அப்புறம் மைக்கில் உன் குரல். "எலிக்கும் நன்றி." கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், கன்னியம்மா. நிமிர்ந்து பார்த்தபோதுதான் நீ என்று தெரிந்தது.

மண்ணைக் கொட்டி ஒரு வரப்பு மாதிரி செய்து வைத்திருந்தீர்களே, அதை நீ வெட்டிக் காட்டினாய். எலி வளை எப்படிப் போகும், எங்கே திரும்பும், எந்த அறையில் சேமித்து வைக்கும் என்று சொன்னாய். "எலி நெல்லா எடுத்துட்டுப் போவாதுங்க. கதிரா, ஒரு வெரல் நீளத்துக்குப் பல்லால கத்தரிச்சி எடுத்துட்டுப் போவும். அருவா அறுத்த கதிருன்னா முழுத் தாளோட இருக்கும். இதுல பாருங்க, பல்லு பட்ட எடம்" என்று கூட்டத்துக்குள் நீட்டினாய். கை மாறி கை மாறி என்னிடமும் ஒரு கதிர் வந்தது.

பல் பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மெரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், களத்தில், எண்ணியதைவிட மூன்று மூட்டை குறைந்தது என்று நான் குதித்தேன். வளை வெட்டிவிட்டு நீயும் உன் அப்பாவும் ஒரு சாக்கு சுமந்து வந்தீர்கள். "கொட்டுடி" என்றேன். கொட்டினாய். என் களத்தில் இருந்த நெல் எல்லாம் அடித்துத் தூற்றி முடித்த நெல். உன் சாக்கில் இருந்தது கதிர். ஒரு விரல் நீளக் கதிர். "கதிரா இருக்குது பாரு, அடிச்சிக் குவியல்ல சேத்துடு" என்று மேஸ்திரி பலராமனிடம் சொன்னது இந்த வாய்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உன் அப்பா கண்ணையனைப் பார்த்து, "வயசான காலத்துல திருட்டுப் புத்தியா?" என்றேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இந்த லட்சணம்.

மைதானத்தில் நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அது நியாயம்தான்.

மன்னித்துக்கொள் என்று எழுத வருமா என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள். ராஜவேல் தம்பியின் வண்டியில் ஒரு மூட்டை நெல் அனுப்பியிருக்கிறேன். உன் சாக்குக்கு ஈடாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அகஸ்டினா

மரக்காணம் பக்கம்,
சவுக்குத் தோப்பு.
27-1-2007

டீச்சரம்மாவுக்குக் கன்னியம்மா எழுதுறது.

அறிவொளி ராத்திரி வகுப்புல கத்துக்கிட்ட எழுத்து. நான் பேசுறாப்புலதான் எழுதுவேன், தப்பு இருந்தா செவப்பு மையால சுழிக்காதீங்க.

கடுதாசிய அப்பாவுக்குப் படிச்சிக் காட்டுனேன். எலிக்கு நன்றி சொன்னதுக்குச் சிரிச்சேன்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடத்துல அதுவும் சிரிச்சிது. அப்பால சிரிக்கல.

மூட்டை வந்துச்சு. வாசல்ல கெடக்குது. கட்டுகூட பிரிக்கல. ஆடு வந்து மோந்து பாத்துட்டுப் போவுது. அப்பா அதாண்டயே போவ மாட்டேங்குது. "சாக்குக்குச் சாக்கு சரியாப் போச்சின்னு நெனைக்கிறாங்களா?"ன்னு கேட்டுச்சு.

நான் மூஞ்சத் திருப்புனது கோவத்துல இல்ல. மைக்கு கையில இருக்குது, சுத்தி அத்தினி பேரு. அங்கயும் "கொட்டுடி"ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அவ்ளோதான்.

ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டுக்காரரு ரிச்சர்டு ஐயா இருந்த காலத்துலேர்ந்து பதினாறு வருசம் உங்க நெலத்துல வளை வெட்டுனோம். எங்கப்பாவுக்கு ஒரு வழக்கம். வெட்டி முடிச்சதும், கெடச்ச கதிருல மொத கை எடுத்து உங்க வரப்பு மேல வெச்சிட்டுத்தான் சாக்குல போடும். எங்க வயித்துக்குக் குடுத்த நெலம், அதுக்கும் நெலத்துக்காரங்களுக்கும் நன்றி, அதான் அர்த்தம். நீங்க "கொட்டுடி"ன்னு சொன்ன அன்னிக்கும் மேற்கால வரப்புல ஒரு கை வெச்சிட்டுத்தான் களத்துக்கு வந்தோம். திருடுனவன் வெச்சிட்டு வருவானா? அதான் அப்பாவுக்கு ஆறல. பாகூர்ல இருக்க மனசு ஒப்பல, அதான் கெளம்பி இங்க சவுக்கு வெட்ட வந்துட்டோம்.

நீங்க மன்னிப்பு எழுதுனது எனக்குச் சந்தோசம்தான். பொய் சொல்லல. பெரியவங்க யாரும் எங்களுக்கு அப்படி எழுதி நான் பாத்ததில்ல. ஆனா எனக்கு எழுதிட்டா அப்பாவுக்கு ஆயிடுமா? அந்தச் சொல்லு களத்துல விழுந்துச்சு. அங்கயேதான் இன்னும் கெடக்குது.

கன்னியம்மா

முத்தியால்பேட்டை,
3-2-2007

கன்னியம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது. மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லையாமே, ஆடு மோந்து பார்க்கிறதாமே, என்ன திமிர் என்று சமையலறையில் பாத்திரத்தை உருட்டினேன். இரண்டாவது தடவை படிக்கும்போது வரப்பு வந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கைக் கதிரை வருஷா வருஷம் நான் பார்த்திருக்கிறேன். கத்தரித்த கதிர்கள், ஒழுங்காக அடுக்கி, மேலே ஒரு சின்ன மண்கட்டி வைத்து. ஏதோ பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டது என்று நினைத்தேன். எடுத்துவந்து என்ன செய்தேன் தெரியுமா? களத்துக் கொட்டகையில் மேய்கிற கோழிகளுக்குப் போட்டேன். பதினாறு வருஷம். மோன் தியூ, என் கடவுளே! என்று வாய்விட்டே கத்திவிட்டேன், மெரின் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். எனக்குச் சொன்ன நன்றியெல்லாம் என் கோழி தின்றிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று குறைந்தது மூட்டை இல்லை, விளைச்சல். எலி தின்றதை நான் மனிதர் தின்றதாக எண்ணினேன். நீங்கள் போன பிறகு இரண்டு போகமும் இன்னும் குறைந்தது. மழையைத் திட்டினேன், விதையைத் திட்டினேன். இப்போது போய்ப் பார்த்தால் மேற்கு வரப்பு முழுக்கப் பொத்தல். ஒரு வரப்பில் பதினோரு வளை வாய் எண்ணினேன். உன் அப்பா பதினாறு வருஷமாக எனக்குச் செய்துவந்த உபகாரம் அவர் இல்லாதபோதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. யாரும் கேட்காமல், கூலி வாங்காமல் செய்தார். நான் ஒரு டம்ளர் காப்பி கொடுத்ததாகக்கூட ஞாபகம் இல்லை.

உன்னை 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே நாடகம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். உன் அப்பாவை மட்டும் இனிமேல் 'அவர்' என்றுதான் எழுதுவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் வருகிறேன். பெரிய மார்க்கெட்டில் நல்ல சாத்துக்குடி வந்திருக்கிறது, வாங்கிவருகிறேன். உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். களத்தில் சொல்வது வேண்டாம், கன்னியம்மா. பலராமன் வாய் உனக்குத் தெரியும். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஒரு ஆளை நான் அதட்ட முடியாது. பெண்ணாளாக நின்று விவசாயம் பார்க்கிறவள் என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

அகஸ்டினா

சவுக்குத் தோப்பு,
8-2-2007

டீச்சரம்மாவுக்கு,

கோழி சேதி படிச்சதும் எங்கப்பா சிரிச்சிச் சிரிச்சி இருமல் வந்துடுச்சு. "போவுது, கோழியாவது தின்னுச்சே, வீணாப் போவல" அப்படின்னுச்சு. ரெண்டு வருசத்துல அது அப்படிச் சிரிச்சி நான் பாக்கல. அதுக்கே உங்களுக்கு ஒரு கும்புடு.

ஆனா ஞாயித்துக்கெழம வராதீங்க. சாத்துக்குடியும் வேணாம். எங்கப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும், ஆனா இந்த ஒரு சேதி மட்டும் களத்துல சொன்னாத்தான் அது காதுல ஏறும். இங்க வந்து கையப் புடிச்சா, பெரிய வூட்டு அம்மா கையப் புடிச்சாங்களேன்னு கூனிக் குறுகி "பரவால்லம்மா"ன்னு சொல்லிடும். உள்ள ஆறாது. எனக்கு அதத் தெரியும்.

பலராமனுக்குப் பயப்புடுறீங்க. நாங்க எத்தினி பேருக்குப் பயந்து எந்திரிச்சி ஓடி வந்தோம்? கணக்குப் போட்டுப் பாருங்க, நீங்கதான் கணக்கு டீச்சரு.

கோவிச்சிக்காதீங்க, இன்னும் ஒண்ணு கேக்குறேன். எங்களக் கூப்புட்டு வெச்சிக்கிட்டுச் சொல்லாதீங்க. நாங்க இருக்கும்போது சொன்னா எங்களச் சமாதானப்படுத்தச் சொன்னீங்கன்னு ஆயிடும். நாங்க இல்லாதப்ப சொல்லுங்க. எங்களத் திருடன்னு ஊரு பேசுனதும் நாங்க இல்லாதப்பதான். பேருங்கறது நாம இல்லாத எடத்துல இருக்குறதுதான டீச்சரம்மா?

சொன்னீங்களா இல்லியான்னு நாங்க வந்து பாக்கப் போறதில்ல. நீங்க எழுதுனா நம்புவோம்.

அறுப்பு எப்போ? மேற்கு வரப்புல எலி மருந்து மட்டும் வெச்சிடாதீங்க. நாயி, மயிலு, பாம்பு எல்லாம் சாவும்.

கன்னியம்மா

முத்தியால்பேட்டை,
19-2-2007

கன்னியம்மாவுக்கு,

முந்தாநாள் சனிக்கிழமை களத்தில் நெல் கட்டடித்தோம். சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

காலையில் பஸ்ஸில் பாகூர் புறப்பட்டேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது, இன்றைக்கு வேண்டாம், ஆள் அதிகம், தூற்றுகிற அன்றைக்குச் சொல்லலாம் என்று மனசு நழுவியது. களத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். இதுதான் நேரம் என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் எழுந்தேன். "இன்னா டீச்சரம்மா, எறும்பு கடிக்குதா?" என்று பலராமன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு உதவியது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும். "டேய் பலராமா, வாய மூடு. கேளுங்க எல்லாரும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே களத்துல கண்ணையனத் திருடன்னு சொன்னேன். கன்னியம்மா சாக்கக் கொட்ட வெச்சேன். அது திருட்டு நெல்லு இல்ல. எலி வளையில எடுத்தது. கதிரப் பாத்தும் எனக்குப் புத்தி வரல. தப்பு என் மேலதான்" என்றேன். ஒரே மூச்சில். வேண்டாம் வேண்டாம் என்றாலும் அழுகை வந்தது, அழுதேன்.

பலராமன் கஞ்சிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கட்டுத் தூக்குகிற மாலா இருக்கிறாளே, அவள் மெதுவாகச் சொன்னாள்: "அது எங்களுக்கு அப்பவே தெரியுங்கம்மா."

"எப்போ?"

"அன்னிக்கே. சாக்கக் கொட்டும்போதே தெரியும். எலிக்கதிரு எங்களுக்குத் தெரியாதா? உங்களாண்ட யாரு சொல்றது?"

நம்புகிறாயா, கன்னியம்மா? பதினான்கு பேருக்கும் தெரிந்திருக்கிறது. கதிரை அடித்துச் சேர்த்த பலராமனுக்கும் தெரிந்திருக்கிறது. என் வாய்க்குப் பயந்து இரண்டு வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை நாள் நீயும் நானும், அந்தக் களத்தில் கெட்டுக் கிடப்பது கண்ணையன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பெயருக்கு ஒரு தூசு படவில்லை. அவரைப் பற்றி மாலா சொல்கிறாள், "மனுசன்னா அவரு மனுசன்." கெட்டுக் கிடந்தது என் பெயர். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வீட்டு வாசலோடு முடித்துக்கொள்ளப் பார்த்தவளை நீ விடவில்லை. விட்டிருந்தால் சாத்துக்குடி கொடுத்துவிட்டு நல்லவள் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பேன். சாயந்தரம் பலராமன் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, தெற்கு மடை ஒழுவுது, ஒரு மாசமா சொல்லணும்னு இருந்தேன்" என்றான். பார், இப்போதுதான் என்னிடம் ஆட்களுக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வருகிறது. அதட்ட முடியாமல் போய்விடும் என்று பயந்தேனே, அந்தப் பயத்தை என்ன சொல்ல.

நேற்றுக் கோயிலில் நன்றி மன்றாட்டு நேரத்தில் உங்கள் மைதானத்து மாதிரி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். மழை, ஏரி, மாலா, பலராமன், கன்னியம்மா, கண்ணையன். எலிக்கும் சொன்னேன். பக்கத்தில் இருந்த மெரின் திரும்பிப் பார்த்தாள்.

மேற்கு வரப்பை யாரும் தொடவில்லை. மருந்து வைக்கலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார், கத்தி விரட்டிவிட்டேன். அந்தக் கத்தல் மட்டும் பழைய கத்தல்தான். களத்தை விட்டுக் கிளம்பும்போது என் கையால் ஒரு கைக் கதிர் எடுத்து மேற்கு வரப்பில் வைத்தேன். மேலே ஒரு மண்கட்டி. உங்கள் வழக்கத்தை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

வாருங்கள் என்று கூப்பிடமாட்டேன். வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

மெர்சி, கன்னியம்மா. எங்கள் மாமனார் காலத்துச் சொல். வீட்டில் நன்றியை இப்படித்தான் சொல்வோம்.

அகஸ்டினா

சவுக்குத் தோப்பு,
26-2-2007

டீச்சரம்மாவுக்கு,

உங்க கடுதாசி வர்றதுக்கு மின்னாடியே சேதி வந்துடுச்சு. மாலாவோட தம்பி இங்க தோப்புக்கு லாரி ஓட்டிக்கினு வருவான். அவன் எறங்குனதும் மொத வேலையா எங்கப்பாவத் தேடிப் போயி, "பெருசு, டீச்சரம்மா களத்துல நின்னு அழுதாங்களாமே"ன்னான். அப்பா வெட்டுக் கத்திய வெச்சிட்டுப் போயி கெணத்துல தலையோட தண்ணி ஊத்திக்கிச்சு. சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்தா ஊத்திக்குவமே, அது மாதிரி. இன்னாத்துக்குன்னு நான் கேக்கல, எனக்குப் புரிஞ்சிது.

நாலு நாளு கழிச்சி உங்க கடுதாசி வந்துச்சு. சத்தமாத்தான் படிச்சேன். அக்கம் பக்கத்துக் குடிசையெல்லாம் வந்து உக்காந்துக்கிச்சு. "மனுசன்னா அவரு மனுசன்"ங்கற எடத்த மூணு தபா படிக்கச் சொன்னாங்க. அப்பா, "போதும் வுடு, பயிரு தண்ணியில்லாம காயுதா பாரு"ன்னு என்னென்னமோ பேசிச்சு. இங்க எங்களுக்குப் பயிரு ஏது? கண்ணத் தொடச்சிக்கறத நாங்க பாக்கக் கூடாதுன்னுதான்.

மூட்டையப் பிரிச்சிட்டோம். அப்பாதான் கட்டவுத்துச்சு. நெல்ல எடுத்து மோந்து பாத்துட்டு, "நம்ம மேற்கு வரப்பாண்ட வெளஞ்சது"ன்னுச்சு. அது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, அது அப்படித்தான் சொல்லும். குத்தி, பொங்கி, எட்டுக் குடிசைக்கும் குடுத்தோம். நல்லா இருந்துச்சு. உங்களுக்கு நல்லது நடக்கட்டும்.

உரிமை இருக்குதான்னு கேட்டிருந்தீங்க. நன்றி சொல்ல யாரு கிட்ட உத்தரவு கேக்கணும்? வெச்சது சரிதான். ஆனா மண்கட்டி பெருசா வெச்சிருப்பீங்க, கதிரு நசுங்கும். சின்னதா வெக்கணும்.

சனிக்கெழம மாசி மகம். எங்க கொலசாமி கன்னியம்மாவக் கும்புட எல்லாரும் வைத்திக்குப்பம் கடலுக்கு வர்றோம். உங்க முத்தியால்பேட்டைக்குப் பக்கந்தான், ஆனா ஊட்டுக்கு வர மாட்டோம், மண்ணும் உப்புமா இருப்போம். மறுநாளு ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல நேரா பாகூரு. கடப்பாரைய அப்பா இன்னிக்கே கல்லுல தீட்டி வெச்சிடுச்சு. பதினோரு வாயின்னு எழுதியிருந்தீங்க. "அவங்களுக்குத் தெரிஞ்சது பதினொண்ணு, முப்பது இருக்கும்"னு சொல்லுது. நடக்கவே மூச்சு வாங்குது, வெட்டுறது நான்தான். அது வரப்பு மேல உக்காந்து எங்க வெட்டணும்னு கைய காட்டும்.

காப்பி குடுத்ததில்லன்னு எழுதியிருந்தீங்க. குடுத்திருக்கீங்க. ஐயா செத்த வருசம், நீங்க கறுப்புச் சேல கட்டிக்கினு களத்துல தனியா நின்னீங்க. ஆளுக்கு ஒரு டம்ளரு காப்பி குடுத்தீங்க. சக்கர அதிகம். உங்களுக்கு மறந்துடுச்சு, எங்கப்பாவுக்கு மறக்கல.

ஞாயித்துக்கெழம அது மொத கை எடுத்து வெக்கும். வெக்கும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. அதுக்கு மின்னாடி ஒண்ணே ஒண்ணு செய்யுங்க.

அந்தக் கோழிங்களப் புடிச்சிக் கட்டி வெச்சிடுங்க.

கன்னியம்மா